கேக் வெட்டியவரை முத்துச்செல்வி தேடிய படலம்

வாழி முத்துச்செல்வி! கோவில்பட்டிக் கரிசல் ஈன்ற கொற்றவையே, ஒரகடத்துத் தொழிற்சாலை லைனில் ஓயாது ஸ்குரூ முடுக்கியும் ஓய்ந்துபோகாத ஒண்விரலாளே, நின்றபடியே கண்ணயர்ந்து சூப்பர்வைசரின் காலடியோசைக்கு மட்டும் கண்விழிக்கும் அருங்கலை கைவந்தவளே, வாழி! கேன்டீன் நோட்டீஸ் போர்டில் தொங்கிய ஒற்றைத் தாளோடு நீ பொருத சமரைப் பாட வந்தோம். கலைமகள் சொல்வளம் தருவாளாக. அவள் வரத் தாமதமானால் கேன்டீன் டீயே போதும்.

போருக்கு மூலம் பசி. ஹாஸ்டல் சாம்பார் என்னும் வற்றாத மஞ்சள் நதியில் ஒரு முருங்கைக்காய்த் துண்டேனும் கரையேறுமா என்று ஆண்டு முழுதும் கரண்டியால் துழாவிச் சலித்தவள் நம் தலைவி. அவளிடம்தான் லைனில் பக்கத்தில் நிற்கும் மணிமங்கலத்துக் கிரேசி, டிசம்பர் இருபத்து நான்காம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்ததும் தன் வீட்டில் பரிமாறப்படும் ஆவி பறக்கும் இட்லியையும், எண்ணெய் மிதக்கும் ஆட்டுக்கறிக் குழம்பையும் அங்கம் அங்கமாக வருணித்து, நீயும் வந்துவிடு என்று அழைத்துவைத்தாள். அழைப்பைக் கேட்ட கணத்தில் வீராங்கனையின் நாவில் ஊறிய வெள்ளத்துக்கு அணை கட்டுவார் இல்லை. கிரேசிக்குப் பண்டிகை லீவு உண்டு, முத்துச்செல்விக்கோ அந்த வாரம் முழுக்க நைட் ஷிப்டு.

அவ்வேளையில்தான் எச்ஆர் சத்யப்பிரியா மேடம் கிறிஸ்துமஸ் புதிர் ஒன்றை ஒட்டி, சரியான விடையை முதலில் பெட்டியில் இடுபவர்க்கு இருபத்து நான்காம் தேதி நைட் ஷிப்டிலிருந்து விடுதலை என்று முரசறைவித்தார். புதிர் இதுதான். ஒரு வீட்டில் அண்ணன், அக்கா, தம்பி. இருபத்து மூன்று, நான்கு, ஐந்து ஆகிய தேதிகளில் நாளுக்கு ஒருவராக, ஒருவர் ஸ்டார் கட்டினார், ஒருவர் குடில் வைத்தார், ஒருவர் கேக் வெட்டினார். இருபத்து மூன்றாம் தேதி ஸ்டார் கட்டியவன் அண்ணன். கேக் வெட்டியது இருபத்தைந்தாம் தேதி. இருபத்து நான்காம் தேதி இரவு பூசைக்குப் போன தம்பி, திரும்பி வந்து விடியற்காலை இரண்டு மணிக்குத் தன் வேலையைச் செய்தான். கேக் வெட்டியவர் யார்?

எழுந்தாள் முத்துச்செல்வி. மூன்று எவர்சில்வர் டம்ளர்களை மூவேந்தராய் மேசைமேல் நிறுத்தி, அண்ணன் டம்ளரை ஸ்டாரோடு ஓரங்கட்டிச் சிறையிட்டு, எஞ்சிய இரண்டையும் இமைகொட்டாது நோக்கி, சாதம் ஆறியதறியாமல், பக்கத்திலிருந்தவள் தன் அப்பளத்தை எடுத்துத் தின்றதும் அறியாமல், சிந்தைக் கடலை மத்திட்டுக் கடைந்தாள் நம் மதிவல்லாள். தம்பியின் விடியற்காலை இரண்டு மணியில் வந்து நின்றது அவள் அறிவுத்தேர். இரவு அட்டெண்டன்ஸ் பஞ்ச் அடித்து உள்ளே போனால் காலை ஆறு மணிக்கு வெளியே வரும்வரை ஒரே தேதி என்பது ஒரகடத்துக் குலதர்மம். இடையில் பன்னிரண்டு அடித்தாலென்ன, இரண்டு அடித்தாலென்ன? ஆகவே தம்பியின் வேலை இருபத்து நான்காம் தேதிக்கே உரியது. அவன் வைத்தது குடில். கேக் வெட்டியவள் அக்கா! எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, வெற்றித்திருமகள் தன் தோளில் ஏறிவிட்டதாகவே எண்ணி, கறிக்குழம்புக்கு இப்போதே இடம் விட்டு, மத்தியானச் சாப்பாட்டைக் கொஞ்சம் மிச்சம் வைத்தாள்.

முடிவு சொல்லும் நாளும் வந்தது. விடை தம்பி என்று அறிவித்தார் சத்யப்பிரியா. வென்றவர் அக்கவுண்ட்ஸ் சங்கரநாராயணன், காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் பாக்கியவான், நைட் ஷிப்டைச் செவிவழிச் செய்தியாக மட்டுமே அறிந்தவர். எந்த இரவும் வீட்டில் உறங்கும் அவர், அந்த இரவும் வீட்டில் உறங்கும் உரிமையைக் கைதட்டலுக்கிடையே பெற்றுக்கொண்டார். பரிசை இன்னொருவருக்கு மாற்றித் தர விதியில் இடமில்லையாம். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தபோது லைன்காரர்கள் அத்தனை பேரும் அக்கா என்றே எழுதியிருந்தார்கள்.

களத்தில் தனித்து நின்ற முத்துச்செல்வி தன் ஒரே வீரவுரையை நிகழ்த்தினாள்.

"நைட் ஷிப்டு முடியுததே காலைல ஆறு மணிக்கு. அதுக்கு முந்தி எப்படி மேடம் மறுநா வரும்?"

அட்டெண்டன்ஸ் வேறு, காலண்டர் வேறு என்று மேடம் சிரித்தபடி சொல்லிவிட்டார். முத்துச்செல்விக்கோ தோற்றதுகூடப் பெரிதில்லை, குழம்பு போயிற்றே.

இருபத்து நான்காம் தேதி இரவு, மணிமங்கலத்தில் மணியோசையும் குழம்பு மணமும் விண்ணளாவியிருக்கும் என்று எண்ணியெண்ணி, விழுப்புண் பட்ட வேங்கையென லைனில் நின்று, ஒவ்வொரு ஸ்குரூவையும் சங்கரநாராயணனாகவே பாவித்து முடுக்கித் தள்ளினாள். பொழுது விடிந்தது. அடையாள அட்டையைக் கழற்றியபடி, தோற்ற சேனையோடு சேனையாய் ஹாஸ்டல் பஸ்ஸை நோக்கி நடந்தவளை, கேட்டுக்கு வெளியே புதுச் சுடிதாரும் கசங்காத மல்லிகையுமாக ஷேர் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு நின்ற கிரேசி கைப்பிடித்து மறித்தாள்.

"பஸ்ஸ வுடு. உன் கணக்குல இன்னும் இருபத்திநாலுதான? அம்மா குழம்ப மூடி வெச்சிகினு ஒக்காந்துகினு கீது, வா."

முத்துச்செல்வி ஏழு இட்லி சாப்பிட்டுவிட்டு, கை கழுவ மறந்து அங்கேயே தூங்கிப்போனாள்.