கண்ணீர் அஞ்சலியில் மூன்று பலூன்கள்

நான் செய்தது தப்பு என்று சொந்தபந்தம் மொத்தமும் சொல்கிறது. பதினோரு வருஷமாகச் சொல்கிறது. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடலூரில் எனக்கு ஃபிளெக்ஸ் பேனர் கடை. யாரும் சொல்லித் தராமல், மார்க்கர் பேனாவால் நானே ஓர் எழுத்துரு வரைந்திருந்தேன். கொழுகொழுவென்று இருக்கும். ‘ண’ என்றால் இட்லிகளை ஒட்டவைத்த மாதிரி. புள்ளி ஒவ்வொன்றும் நூல் கட்டிய பலூன். (வெறும் புள்ளியை எவன் வேண்டுமானாலும் வைப்பான்.) ஜூஸ் கடை, பிறந்தநாள், காதுகுத்து, எல்லாவற்றுக்கும் அதுதான்.

அந்தச் சமயம் சிதம்பரத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் பெயர் செல்வி. நிச்சயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளுடைய பெரியப்பா காலமானார். காலையில் அவள் அண்ணன் போன் செய்தான்.

"மச்சான், அஞ்சலி பேனரு ஒண்ணு வேணும். தெரு முனையில கட்டணும். வடலூரு மாமாவுக்கு இந்தப் புது வூடு தெரியாது, பேனரப் பார்த்துதான் வருவாரு."

மாமனார் வீட்டுக்கு முதல் வேலை. இருப்பதிலேயே நல்ல எழுத்தைத்தானே போடுவேன்? ‘கண்ணீர் அஞ்சலி’யில் மொத்தம் மூன்று புள்ளி. மூன்று பலூன். கீழே, கறுப்புக் கண்ணாடியோடு பெரியப்பா சிரிக்கிறார். (போட்டோ அவர்கள் அனுப்பியது. அதற்கு நான் பொறுப்பல்ல.)

இரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஆனால் பெரியம்மாவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை வராமல் எடுக்க முடியாது. அதைக் கொண்டுவர வேண்டியவர் அவருடைய தம்பி, அந்த வடலூர் மாமா. மூன்று ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. மேளக்காரர்கள் உட்கார்ந்து இரண்டாவது டீ குடித்தார்கள். மச்சான் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"எங்க மாமா இருக்கீங்க?"

"நாலு வாட்டி சுத்திட்டேன்டா. ஒரு முனையில யாருக்கோ பர்த்டேன்னு பேனரு கட்டிவச்சிருக்கானுவ. எழவு வூடு எங்கதான்டா இருக்குது?"

வாசலில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. செல்வியின் அப்பா பார்த்த பார்வையிலேயே என் நிச்சயதார்த்தம் பாதி நின்றுவிட்டது.

மாமா கோடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார். "எவன்டா அத வச்சது?"

"நான்தான் மாமா."

"மாமாவா? அதுக்குள்ளயா?"

"எழுத்துக்கு என்ன மாமா கொற?" என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான்.)

"இவன் நமக்குத் தேவையா?" என்றார் செல்வியின் அப்பா, என்னை நேராகப் பார்த்தே.

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. பேனரை யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள்.

"அந்த மனுஷன் என்னிக்கு வெறப்பா நின்னாரு, எழுத்து மட்டும் நிக்கிறதுக்கு? அவுரு மாதிரியேதான் சிரிச்சிக்கினு இருக்குது. புள்ளயத் திட்டாத. கோடியக் குடு, ஆவுற வேலயப் பாரு."

இன்றும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் என் மனைவி செல்வி சொல்வாள்: "மாத்திரைய முழுங்கிடுங்க. இவுரு பலூன் ஊதுறதுக்குள்ள."

சிரிக்கட்டும். எனக்கான அஞ்சலியை அதே எழுத்தில் செய்து கம்ப்யூட்டரில் வைத்துவிட்டேன். வடலூர் மாமா அன்றைக்கும் நாலு வாட்டி சுற்றட்டும். எனக்கென்ன அவசரம், படுத்திருக்கப் போகிறேன்.