மச்சானின் பெரணியும் அசையாத நிழலும்

மரியாதைக்குரிய மச்சான் அமீன் அவர்களுக்கு,

கோபாலபுரத்திலிருந்து ஷாஹுல் ஹமீது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கை ஷகீலாவும் இறையருளால் சுகம். மஸ்கட்டில் நீங்களும் மகளும் புதுப் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்க துஆ செய்கிறோம். உங்கள் மசாலாக் கடை வேன் எங்கள் வீட்டு மதிலோரம் பத்திரமாக நிற்கிறது, ஓர் அங்குலம்கூட அசைக்கவில்லை. உங்கள் செடிகளும் சுகம். அந்தச் சேதியை வாட்ஸ்அப்பில் போட்டால் நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். என் பெருமைக்கு அது போதாது.

புறப்படும்போது குடும்பமே நிற்க நீங்கள் சொன்னது மறக்கவில்லை. "தண்ணி மட்டும் ஊத்துங்க மச்சான், வேற எதுவும் செய்யாதீங்க. கள்ளிச்செடியையே அழுக வெச்ச கை அது." சரி என்று தண்ணீர் மட்டும்தான் ஊற்றினேன். ஆனால் உங்கள் பக்கத்து வீட்டை இடிக்க வந்தவர்கள் முதல் வேலையாக மாமரத்தை வெட்டிவிட்டார்கள். அதன் நிழலிலேயே வளர்ந்த பெரணியும் கலேடியமும் அந்தூரியமும் ஒரே மதியத்தில் பொரித்த அப்பளமாகிவிட்டன. போன் செய்தால், "துளிர் விடுற நேரத்துல புடுங்குனா செத்துடும், ஐப்பசி மழை வரட்டும்" என்றீர்கள். ஐப்பசி வரை அவை இருந்தால்தானே? எங்கள் வீட்டில் ஒரு பகல் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து நிழல் பார்த்தேன். எல்லா நிழலும் ஓடுகிறது, மதிலோர நிழல் மட்டும் அசையவேயில்லை. அந்தி சாய்ந்ததும் உங்கள் வீட்டுக்குப் போய்ப் பாதி இலையை நறுக்கிவிட்டு, வேர்மண் உதிராமல் தோண்டி, விருந்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் தட்டில் வைத்தேன். "இன்னாங்க இது, எங்க வாப்பா குடுத்த தட்டுல மண்ணை அள்ளிக்கினு" என்றாள் ஷகீலா. ஈரத்துணி போர்த்தி நானும் உங்கள் மகன் நதீமும் தெருவில் தூக்கிவந்தபோது எதிர்வீட்டு ராமானுஜம் சார், "யாராத்துல விசேஷம் பாய்? என்னைக் கூப்பிடவே இல்லையே" என்று துணியை விலக்கிப் பார்த்து, "வெஜிடேரியனா? அப்போ நானும் வரேன்" என்றார்.

அந்த மதிலோர நிழலிலேயே நட்டேன். முதல் இரண்டு நாள் எல்லாம் தலை தொங்கிக் கிடந்தன. ஷகீலா சஹன் தட்டைத் தேய்த்துத் தேய்த்து என்னை முறைத்தாள். இன்று காலை கலேடியத்தில் சிவப்பு நரம்போடு புது இலை. மச்சான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆபீசில் மாலை போட்டு அனுப்பிய அன்றுகூட இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

பெரியவர்களுக்கு ஸலாம், பேரப்பிள்ளைக்கு என் துஆ. கள்ளிச்செடிப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று நம்பும்,

உங்கள் மச்சான்
ஷாஹுல் ஹமீது

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் நதீம் வந்தான். "மாமா, நாளையிலேருந்து சரக்கு எடுக்கச் சொல்லி வாப்பா போன் பண்ணாரு" என்று சாவியை வாங்கி வேனை வெளியே எடுத்தான். செடிகள் மேல் முழு வெயில். அசையாத நிழல் யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. வேனைப் பழைய இடத்திலேயே நிறுத்தவைத்து, நாலு டயரிலும் காற்றை நானே இறக்கிவிட்டேன். சரக்குக்கு ஆட்டோ பிடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை வரட்டும், வேனைத் தருகிறேன்.