சட்டசபை உறுப்பினரின் நாக்குக்கு வந்த சோதனை

விஸ்கான்சின்,
1912 செப்டம்பர் 14

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியரும் என் மனைவியின் அண்ணனுமாகிய ஆன்டர்ஸ் மச்சானுக்கு, ஹால்வோர் க்வாமே வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் தங்கை குட்ரூனும் பசுக்கள் பதினொன்றும் நலம். நலம் என்று முறைக்காக எழுதினேனே தவிர, மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆறு வருஷமாகச் சட்டசபையில் நான் பேசியது ஒரே விஷயம். கொழுப்பைக் காய்ச்சிச் செய்த மார்கரினுக்கு மஞ்சள் சாயம் கலந்து வெண்ணெய் மாதிரி ஏமாற்றக் கூடாது. ஓட்டுக் கேட்கப் போகும் வீட்டிலெல்லாம் எங்கள் பண்ணை வெண்ணெயில் ஒரு கட்டியைக் கொடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். போன புதன்கிழமை சந்தைத் திருவிழாவில், என்னை எதிர்த்து நிற்கும் ஓட்டோ பிரைட்டன்பாக் வண்டிமேல் ஏறி நின்றுகொண்டு, "ஏன் க்வாமே, சாயம் போட்டா என்ன, போடாட்டி என்ன, உன் நாக்குக்கே தெரியாதா?" என்று கேட்டான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கண்ணக் கட்டிட்டுக் குடு, சொல்றேன்" என்றேன். கட்டினார்கள். ஒரு தட்டில் வெண்ணெய் தடவிய ரொட்டி, இன்னொன்றில் மார்கரின் தடவியது. முதல் ரொட்டித் துண்டில் என்னமோ மாட்டு வாடை, துப்பிவிட்டேன். இரண்டாவதை வாயில் வைத்ததும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே போய்விட்டேன் மச்சான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதான்யா அசல் வெண்ணெய்" என்றேன். கட்டை அவிழ்த்தார்கள். நான் மெச்சியது மார்கரின். துப்பியது, அன்று காலை முதல் பரிசு வாங்கிய குட்ரூனின் வெண்ணெய். பேண்டு வாசிக்கிறவன்கூட வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.

இந்த ஊர்க்காரர்கள் தேவாலயத்தில் குறட்டை விடுகிறவனை மன்னிப்பார்கள், வெண்ணெய் தெரியாதவனுக்கு ஓட்டுப் போட மாட்டார்கள். நவம்பரில் தோற்றால் என்னால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஆகவே ஓட்டோதான் தட்டுகளை மாற்றி வைத்தான் என்று முதல் பக்கத்தில் போடுங்கள். என் நாக்கு பொய் சொல்லாது. சத்தியம் பண்ணத் தயார்.

கர்த்தர் உங்கள் குழந்தைகளையும் அச்சு இயந்திரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஹால்வோர் க்வாமே,
மாநிலச் சட்டசபை உறுப்பினர் (இன்னும்)

பி.கு.: அண்ணா, குட்ரூன் எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். தட்டை யாரும் மாற்றவில்லை. ஊருக்கெல்லாம் கட்டி கட்டியாகக் கொடுத்தபிறகு வீட்டுக்கு ஒரு கரண்டிகூட மிஞ்சுவதில்லை. ஆறு வருஷமாக இவர் ரொட்டியில் தடவித் தின்பது நீ அனுப்புகிற மார்கரின்தான். பாவம், வீட்டில் சாப்பிடுவதை இவர் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த ஓட்டோமேல் பழி போட்டு எதுவும் எழுதாதே. மஞ்சள் சாயம் தீர்ந்துவிட்டது, உடனே அனுப்பு. கடிதம் எழுதி முடித்த தெம்பில் இவருக்கு இப்போதுதான் பசிக்கிறதாம், ரொட்டி கேட்கிறார்.