டாப் கியர் ஓட்டிய மரணப் பந்தயம்

சேலம் ஜில்லாவிலேயே கால் நூற்றாண்டு டாக்சி ஓட்டியும் ஒருநாள்கூட டாப் கியர் போடாத ஒரே மனிதர் எங்கள் சூரமங்கலத்து டாக்சிக்காரர்தான். அதனாலேயே அவருக்குப் பெயர் டாப் கியர். முப்பது மைலைத் தாண்டினால் எஞ்சினுக்குப் பாவம் என்பார். ஜங்ஷனுக்கு அவர் வண்டியில் போனவர்கள் பெரும்பாலும் அடுத்த ரயிலில்தான் ஊருக்குப் போனார்கள்.

இந்த மகானைக் கார்ப் பந்தயத்தில் மாட்டிவிட்ட பாவி நான்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சின்ன சினிமா கம்பெனி எங்கள் பக்கம் வந்தது. அவர்களுடைய போன படத்தில் வில்லன் கார்ப் பந்தயத்தில் செத்துவிடுவான். படம் எப்படியோ ஓடிவிட்டது. செத்தவனை எழுப்ப வழியில்லை என்பதால், அதற்கு முன்னால் நடந்த கதை என்று அடுத்ததை ஆரம்பித்துவிட்டார்கள். வில்லனுக்குப் பதிலாகக் கார் ஓட்ட மலிவாக ஓர் ஆள் வேண்டுமாம்.

"மெதுவா ஓட்டினாப் போதும் சார். காமிராவுல நூறு மைலாக் காட்டிடுவோம்" என்று என்னிடம் ஆள் கேட்டார் டைரக்டர். நான் டாப் கியரைக் கை காட்டினேன்.

மறுநாளே அவர் மனைவி என் வீட்டு வாசலில் நின்றாள். "ஏனுங்ணா, பாலத்துல குண்டு வெக்கறாங்களாமா?"

பின்னாலேயே வந்து சேர்ந்தார் டாப் கியர். "அட ஏம்புள்ள, அந்த வில்லன் செத்தது போன படத்துல. இது அதுக்கும் முந்துன கதை. இதுல நான் எப்படிச் சாவேன்?"

அவள் அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தாள். "நானே பத்தரமாக் கூட்டிட்டு வாரேம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு மண் ரோட்டில் படப்பிடிப்பு. ஓடை மேல் கம்பெனியே ஒரு பலகைப் பாலம் போட்டிருந்தது. கார் அதைத் தாண்டியதும் பின்னால் குண்டு வெடிக்க வேண்டும். கார் கிளம்பியது. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று நின்றுவிட்டது.

அங்கே ஒரு முனியப்பன் கோயில். எங்கள் பக்கத்து டிரைவர் எவரும் முனியப்பனைக் கும்பிடாமல் தாண்ட மாட்டார். டாப் கியர் எஞ்சினை அணைத்து, இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாகத் திருநீறு பூசினார். டைரக்டர் திட்ட ஆரம்பித்தார்.

திட்டு பாதியில் இருக்கும்போதே, குண்டுக்காரர் கணக்குத் தப்பிப் பாலம் வெடித்தது. பலகை ஒவ்வொன்றும் பனைமர உயரம் பறந்தது. நிற்காமல் போயிருந்தால், அவர் ஓட்டும் வேகத்துக்குக் கார் அந்த நேரம் பாலத்தின் நடுவில்தான் இருந்திருக்கும்.

புகைக்குள் ஓடினேன். டாப் கியர் கைகூப்பியபடியே டைரக்டர் பக்கம் திரும்பினார்.

"ஏனுங் சார், நான் வாரதுக்குள்ள வெடிச்சுப்போட்டீங்க?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டைரக்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு முனியப்பன் முன்னால் விழுந்து கிடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டாப் கியரின் மனைவி அவரைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். "பசிக்குது புள்ள, சோத்தப் போடு" என்றார் அவர். அப்பாடா என்று அந்த வீட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கூடப் பிறந்தவர்களுக்காகக்கூட நான் அப்படி அழுததில்லை.