எங்கட வீட்டுக் கடன் தடைச் சட்டம்

ஐரோப்பியப் பொருளாதாரத்தை ஒரு கை பாக்கிறதெண்டு நான் முடிவெடுத்தது போன பங்குனியில. ஐரோப்பாவுக்கு இது தெரியாது. அது தன்ர பாட்டில இருந்தது.

ஜெர்மனியில, எங்கட ஹம் நகரத் தமிழ்ச் சங்கத்தின்ர செயலாளர் அசோகன்தான் போன் எடுத்தவன். "முருகேசண்ணை, சித்திரைக் கூட்டத்தில நீங்கள் பேசோணும். தலைப்பு: இண்டைய ஐரோப்பியப் பொருளாதாரக் கொள்கைகள், ஒரு விமர்சனப் பார்வை." கம்பித் தொழிற்சாலையில மிசின் பாக்கிற எனக்குச் சேட்டுப் பொத்தான் தெறிக்காத குறை. ஊருக்குச் சொல்ல முந்தி வீட்டில செய்து காட்டோணுமெல்லோ? உடனே மனிசியைக் கூப்பிட்டன்.

"இஞ்சரும் யோகம், இண்டையில இருந்து இந்த வீட்டில ஷுல்டன்பிரெம்ச."

"டிவியில சண்டை பிடிக்கிறாங்களே, அந்தக் கடன் தடையோ?"

"அதேதான். வரவுக்கு மிஞ்சிச் செலவில்லை. ஜெர்மன்காரன் அரசியல் சட்டத்திலயே எழுதி வைச்சிருக்கிறான்."

"அப்ப நான் காசு கட்டிக் கார் ஓடப் பழகிறது?"

"தடை."

"போன கிழமை நீங்கள் வாங்கின பெரிய டிவி?"

"அது சட்டத்துக்கு முந்தி."

யோகத்துக்கு வேலை பக்கத்து ஊர் வயோதிபர் இல்லத்தில. விடியக் காலமை ஷிப்ட். ட்ரெயின் ஒரு நாள் பிந்தும், ஒரு நாள் வரவே வராது. பனிக்குள்ள நிண்டு நிண்டு அவவின்ர முழங்காலும் போச்சு. இன்னொருக்காப் பிந்தினா நிரந்தர வேலை கிடையாதெண்டு அங்க பொறுப்பா இருக்கிற மனிசி வேற சொல்லிப்போட்டா. லைசென்ஸ் இருந்தா இந்தக் கரைச்சல் இல்லையெண்டு ஒரு வருசமாக் கேட்டுக்கொண்டிருக்கிறா. எனக்கும் விளங்குது. ஆனா வீட்டில கார் ஒண்டுதான். என்ர தொழிற்சாலை நடந்து போற தூரம். நான் கார்லதான் போவன். ஆம்பிளைக்கு ஒரு மரியாதை வேண்டாமோ? லைசென்ஸ் வந்தா கார் அவவிட்டப் போயிடும். என்ர பொருளாதாரக் கொள்கையின்ர அத்திவாரமே இதுதான்.

மற்றும்படி யோகத்தில எனக்கு உயிர். போட்டிருந்த சேட்டோட பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில வந்து இறங்கினவன் நான். என்னை மனிசனாக்கினது ரண்டு பேர். ஒண்டு இந்த நாடு, மற்றது இவ. நாட்டுக்கு வரி கட்டி நன்றி சொல்லியாச்சு. இவவுக்கு என்னத்தைக் கட்டுறது?

பேச்சுக்கு ஒத்திகை குசினியில நடந்தது. யோகம் லீக்ஸ் அரிஞ்சுகொண்டு நிண்டா. நான் அகப்பையை மைக்காப் பிடிச்சன்.

"மத்திய வங்கி வட்டியை ஏத்தி விலைவாசியை அடக்கினது!"

"அப்ப பாண் விலை ஏனப்பா இறங்கேல்லை?"

"அது இறங்காது. ஏறுற வேகம்தான் குறையும்."

"ஏறினது ஏறினதுதானோ?"

"ஓம்."

"அப்ப என்ன கோதாரிக்கு அதைப் பெரிசாச் சொல்லுறாங்கள்?"

இதுதான் விமர்சனப் பார்வை! அப்பிடியே குறிச்சு வைச்சன்.

"பாலமெல்லாம் உக்கிப் போச்சு, ட்ரெயின் ஓடுதில்லை. அதைப் பற்றி ஒண்டும் இல்லையோ?" எண்டா.

"ஏனில்லை? கடன் எடுக்காமல் மிச்சம் பிடிக்கிறமெண்டு திருத்த வேண்டியதைத் திருத்தாமல் விட்டவை. இப்ப சட்டத்தையே மாத்தி, படைக்கு விலக்கு, பாலத்துக்குத் தனி நிதி எண்டு ஓடித் திரியினம். முதலே செய்திருந்தா இவ்வளவு செலவு வந்திராது!"

"ஐயோ, அருமை! இதை முடிவுரையா வையுங்கோ. நல்லா அழுத்திச் சொல்லுங்கோ, என்ன?"

சொல்லிப்போட்டு இஞ்சி போட்டுப் பிளேன்ரீ ஊத்தித் தந்தா. லைசென்ஸைத் தடுத்த புருசனுக்கு இஞ்சிப் பிளேன்ரீ! இப்பிடி ஒரு மனிசி ஆருக்குக் கிடைக்கும்? எனக்குக் கண் கலங்கிட்டுது. இஞ்சிதான் எண்டு சமாளிச்சன்.

கூட்டத்தண்டு மண்டபம் நிறைஞ்ச சனம். பேச்சு முடியத்தான் வடை எண்டு அசோகன் அறிவிச்சிருந்தான், ஒருத்தரும் அசையேல்லை. நான் வெளுத்து வாங்கினன். பாண் விலைக்கு விசிலடிச்சாங்கள். கடைசியில மேசையில அடிச்சுச் சொன்னன்: "தேவையான முதலீட்டைத் தடுக்கிறது சிக்கனம் இல்லை, மடைத்தனம்!" கைதட்டில மைக் கூவிச்சுது. பொன்னாடையும் போத்தினாங்கள்.

"ஆருக்கும் கேள்வி இருக்கோ?" எண்டான் அசோகன்.

சாறியை இழுத்துச் செருகிக்கொண்டு யோகம் எழும்பி மைக்குக்கு வந்தா. எனக்குப் பெருமை பிடிபடேல்லை.

"ஐயாவின்ர பேச்சு நல்லா விளங்கிச்சுது. ஒரு சின்னச் சந்தேகம். ஒரு வீட்டில ஒரு பொம்பிளை வேலைக்குப் போறா. ட்ரெயின் ஒழுங்கா இல்லை, வேலை போகப் பாக்குது. அவ கார் ஓடப் பழகிறது வீண் செலவோ, முதலீடோ?"

"இதென்ன கேள்வி? முதலீடு!"

"அதைத் தடுக்கிறது?"

"மடைத்த..."

அரைவாசியில நிப்பாட்டிப் பாத்தன். மிச்சத்தைச் சனம் சேந்து சொல்லிச்சுது. முன் வரிசையில இருந்த பிளோறன்ஸ் அக்கா சிரிச்ச சிரிப்பில கதிரை கிறீச்சிட்டுது. அசோகன் மைக்கைப் பறிச்சான்.

"முருகேசண்ணை தன்ர மனிசிக்கு லைசென்ஸ் எடுத்துக் குடுக்கிறதாச் சபைக்கு வாக்குத் தந்திருக்கிறார்!"

என்ர பேச்சுக்குக் கிடைச்சதை விடக் கைதட்டு இதுக்குத்தான் கூட. சபையில மைக்கில சொன்ன சொல்லை எங்கட ஆக்களிட்டத் திருப்பி வாங்கேலாது. கலியாணவீடு, செத்தவீடு எண்டு போற இடமெல்லாம் கேப்பாங்கள். என்ர கடன் தடைச் சட்டம் வடை ஆற முந்தி முடிஞ்சுது.

வரேக்க கார்ல யோகம் பொன்னாடையை மடிச்சு மடியில வைச்சுக்கொண்டு, "நல்லாப் பேசினீங்களப்பா. சத்தியமா, எனக்கு உங்களை நினைக்கச் சந்தோசமாக் கிடக்கு" எண்டா. கோவப்படலாமெண்டு பாத்தன், வரேல்லை. அந்த முழங்காலோட இனிப் பனிக்குள்ள நிக்கத் தேவையில்லை எண்டு நினைக்க, எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி. கடவுளுக்கு நன்றி சொன்னன். எண்டாலும் கேட்டன்.

"இதை வீட்டில ஆறுதலா எனக்கு விளங்கப்படுத்தியிருக்கலாமே?"

"எத்தினை தரம் சொன்னனான்? நான் சொன்னா உங்களுக்கு விளங்காது, நீங்கள் சொன்னால்தான் விளங்கும். அதுதான் அசோகன் தம்பியிட்டச் சொல்லி உங்களைப் பேசக் கூப்பிடுவிச்சனான்."