துவக்கு வாங்கப் போனவனைச் சுகம் விசாரித்தார்கள்

இல்-பிசார், மொன்றியல், கனடா.
புரட்டாதி, 2020

அன்பின் கிளி அக்காவுக்கு,

கோணேசர் அருளால் நீங்களும் அத்தானும் கிருமி அண்டாமல் இருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு தம்பி சுபாஸ்கரன் எழுதுவது. நானும் மனைவி நிரஞ்சலாவும் மகளும் நலம். நான் ஆளைச் சுடுகிற துவக்கு ஒன்று வாங்கிவிட்டேன் என்று உங்கள் காதுக்கு வந்த செய்தி முழுப்பொய். வாங்கப் போனது மட்டும்தான் உண்மை.

கொரோனா வந்ததும் சென்ட் லோரன்ட் தொழிற்சாலையைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நிரஞ்சலா முதியோர் இல்லத்து வேலைக்கு ஒரு நாளும் தவறாமல் போய்வர, நான் வெங்காயத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தேன். அதில் அமெரிக்காக்காரர் துவக்குக் கடை வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களிடம் துவக்கு, எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்ற் நிறைய அரிசி. எப்படியும் எல்லை தாண்டி வருவார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். நித்திரை போய்விட்டது, சோறு இறங்கவில்லை, வேலியில் அணில் ஓடினாலும் வியர்த்தது. நானும் ஒரு துவக்கு வாங்கப் போகிறேன் என்று நிரஞ்சலாவிடம் சொன்னேன். "ஆரைச் சுடப் போறியள், கிருமியையோ?" என்று கேட்டுவிட்டு, வேலைக் களைப்பில் படுத்துவிட்டாள்.

துவக்குக் கடைக்குப் போனேன். கடைக்காரர் "லைசென்ஸ்?" என்றார். கார் லைசென்ஸை நீட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் முகக்கவசம் கழன்றது. துவக்குக்கு வேறு லைசென்ஸாம். வகுப்பு, சோதனை, விண்ணப்பம். வகுப்பில் எப்படியோ தேறி விண்ணப்பித்தேன். மனச்சோர்வு ஏதும் உண்டா என்று ஒரு கேள்வி. அரசாங்கத்துக்குப் பொய் சொல்லக்கூடாதென்று, "உண்டு, நிறைய" என்று எழுதினேன்.

பொலிஸ் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மணி தொலைபேசியில் வந்தா. எல்லாம் பிரெஞ்சு. எனக்கு வருவது பொன்ஜூரும் மெர்சியும்தான், ஆகவே மகள் ஆர்த்திகா நடுவில் நின்று மொழிபெயர்த்தாள்.

"அப்பா, நித்திரை கொள்ளுறீங்களோ எண்டு கேக்கிறா."

"இப்பவோ? கதைச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்."

"இரவில, அப்பா!"

"கொள்ளுறேல்லை."

"அழுறனீங்களோ எண்டு கேக்கிறா."

"வெங்காயம் கழுவேக்க. அப்பதான் ஒருத்தருக்கும் தெரியாது."

ஆர்த்திகா இதை மொழிபெயர்க்கவில்லை. "அப்பா, ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றாள். அது அம்மணியின் கேள்வியா, இவளுடையதா என்று விளங்காமல், "நீ படிக்கிற பிள்ளையெண்டு" என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவைத்தேன். அங்கே அம்மணி "அல்லோ? அல்லோ?" என்கிறா, இங்கே அப்பனும் மகளும் அழுகிறோம். அந்த மனுசி ஃபோனை வைக்காமல் பொறுமையாக இருந்தா, அக்கா. பிறகு துவக்கு தர ஏலாது என்று சொல்லி, மனநல ஆலோசகர் ஒருவரின் இலக்கத்தைத் தந்தா. சொந்தக்காரர் எல்லாரும் அரிசி இருக்கோ என்றுதான் கேட்டார்கள். நித்திரை வருகுதோ என்று கேட்டது அவ ஒருத்திதான்.

இப்போது வாராவாரம் ஆலோசகருடன் கதைக்கிறேன். தொலைக்காட்சியை ஆர்த்திகா கழற்றிவிட்டாள். நிரஞ்சலாவும் வேலையால் வந்து படுக்கமுன் என்னோடு கொஞ்சநேரம் இருக்கிறாள். பயம் என்பது எனக்கு அடியோடு இல்லை. அமெரிக்கா முழுவதும் திரண்டு வந்தாலும் வாசலில் நின்று வரவேற்று அரிசி அளந்து கொடுப்பேன்.

அத்தானுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு ஆறடி தள்ளி நின்று என் ஆசிகளும்.

தம்பி
சுபாஸ்கரன்

பி.கு: கையொப்பம் வைக்கும்போது பின்கதவை யாரோ ஓங்கித் தட்டினார்கள். இதைக் குளியலறைக்குள், கதவுக்கு உடுப்புக் கூடையை முட்டுக்கொடுத்துவிட்டு எழுதுகிறேன். காட்டு வான்கோழி ஒன்று கண்ணாடிக் கதவில் தன்னைக் கண்டு சண்டை பிடிக்கிறதாம். "வெளியில வாங்கோ அப்பா, அது உங்களைவிடப் பயந்துபோய் நிக்குது" என்கிறாள் ஆர்த்திகா. தனியாகத்தான் வந்ததா என்று வடிவாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.