ஓட மறுத்த கன்றும் ஒலிபெருக்கியும்

அன்புத் தங்கை கோரினுக்கு,

வயோமிங்கிலிருந்து அண்ணன் லெலண்ட் எழுதுவது. நான், உன் அண்ணி நெட்ரா, மாடுகள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலி தணிந்திருக்க வேண்டும். கால்பந்து இறுதிப்போட்டியின் இடைவேளையில் நடந்ததைப் பேப்பரில் பார்த்திருப்பாய். 'ரோடியோ வேண்டாம்' என்று மைதான வாசலில் நின்று கத்திய உன் கூட்டம் அதற்காக ஒன்றும் துள்ளிக் குதிக்க வேண்டாம்.

நடந்தது இதுதான். இடைவேளையில் ரோடியோ வித்தை காட்ட என் கன்றுகளைக் கேட்டிருந்தார்கள். கன்று மிரண்டு ஓடினால்தானே குதிரைக்காரன் துரத்திக் கயிறு வீசி, கீழே தள்ளிக் காலைக் கட்ட முடியும்? அதனால்தான் அவற்றுக்கு நாங்கள் பெயர் வைப்பதில்லை, கையால் ஊட்டுவதுமில்லை. ஆனால் பனிப்புயலில் தாயை இழந்த ஒன்றை உன் அண்ணி சமையலறையிலேயே வைத்து, புட்டிப்பால் கொடுத்து, 'பிஸ்கட்' என்று கொஞ்சி வளர்த்தாள், அதுவும் மற்றவையும் ஒரே கறுப்பு, அவசரத்தில் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டேன். மைதானத்தில் கூண்டுக் கதவு திறந்ததும் பிஸ்கட் நிதானமாக வெளியே வந்தது, ஜனங்களைப் பார்த்தது, திரும்பி நேராகக் குதிரையிடமே போனது. குதிரை குழம்பிப் பின்வாங்க, மேலே இருந்த குதிரைக்காரன் டஸ்டின் இறங்கி என்னைப் பார்த்துக் கத்தினான்.

"யோவ் பெரியவரே, இது என் விரலைச் சப்புதுய்யா! ஓடச் சொல்லுய்யா!"

மைதானமே சிரித்தது. அந்தச் சிரிப்பு பொறுக்காமல் ஒரு வேலையாள் ஓடி வந்தான். "வாலை முறுக்கினா தன்னால ஓடும்" என்று முறுக்கினான். பிஸ்கட் அலறிக்கொண்டு என்னிடம் ஓடி வந்து காலுக்கிடையில் தலையைச் செருகியது.

"கையை எடுடா! எங்க வீட்டுப் பிள்ளைடா அது!"

பக்கத்தில் ஒலிபெருக்கியின் மைக் அணைக்காமல் இருந்தது எனக்குத் தெரியாது. நான் கத்தியதை மொத்த மைதானமும் கேட்டது. டஸ்டின் கயிற்றைச் சுருட்டினான்.

ஆனால் அது ஒரு கன்றின் விஷயம். மற்றவை வேலைக்கென்றே வளர்ந்தவை. நாளைக் காலை அடுத்த ரோடியோவுக்குப் போகின்றன. நீ தலைகீழாக நின்றாலும் அது மாறாது.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
லெலண்ட்

பி.கு: காலையில் லாரி வந்தது. நான் தொழுவத்துக்குள் போனதும் கன்றுகள் எல்லாம் மிரண்டு வேலியோடு ஒண்டிக்கொண்டன. எப்போதும் அப்படித்தான் செய்யும். இன்றைக்கு என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. லாரியைக் காலியாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். இதுகள் கிட்டே வர என்ன செய்யணும் என்று நெட்ராவைக் கேட்டேன். "முதல்ல அந்தத் தொப்பியைக் கழட்டு. அப்புறம் பேசாம தரையில உக்காரு" என்றாள். உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இன்னும் ஒன்றும் வரவில்லை.